தனியாகப் போகும் சைக்கிள் பயணிக்கு, முளையில்லாமல் நிற்கும் கூடாரம்

கடலூரில் இருந்துகொண்டு சனி, ஞாயிறுகளில் தனியாகச் சைக்கிளில் செஞ்சி, தரங்கம்பாடி, கல்வராயன் மலை என்று போய்வரும் நீங்கள், சில சமயம் முதுகுப்பையோடு நடந்தும் செல்வதாகவும், அடுத்த ஆண்டு இமாச்சலத்தின் ஸ்பிதிப் பள்ளத்தாக்குக்குப் போகும் எண்ணம் இருப்பதாகவும் சொல்லி, முளை அடிக்காமலே நிற்கும் எடை குறைந்த ஒருநபர் கூடாரம் வாங்குவதானால் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். முளையும் ஊன்றுகோலும் கொண்டு நிறுத்தும் கூடாரங்கள் ஏறக்குறைய பாதி எடையில் கிடைக்கும்போது, இந்தக் கூடுதல் எடையைச் சுமக்கத்தான் வேண்டுமா என்பது உங்கள் இரண்டாவது கேள்வி. புதுச்சேரியிலிருந்து இதே சாலைகளில் நெடுங்காலமாகச் சைக்கிள் ஓட்டிவருபவன் என்ற முறையில் இரண்டாவது கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். அதற்கான விடைதான் மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

மலை நடையில் கையில் வைத்திருக்கும் ஊன்றுகோலையே தூணாக நட்டு, சுற்றிலும் முளை அடித்து இழுத்துக் கட்டும் கூடாரங்கள் உண்மையிலேயே அருமையானவை. டர்ஸ்டன் நிறுவனத்தின் எக்ஸ்-மிட் 1 போன்றவை 800 கிராம் அளவில் இரட்டைச் சுவரோடு, அதாவது உள்ளே வலைக்கூடாரமும் அதன்மேல் போடும் மழைவிரிப்புமாக, கிடைக்கின்றன; டைனீமா என்னும் மிக இலேசான, உறுதியான துணியில் தைத்த சில கூடாரங்கள் அரைக் கிலோவுக்கும் கீழே இறங்கிவிடுகின்றன. தானே நிற்கும் ஒருநபர் கூடாரமோ பெரும்பாலும் 1 கிலோவிலிருந்து 1.6 கிலோ வரை இருக்கும். ஆனால் சைக்கிளில் போகிறவரிடம் ஊன்றுகோல் கிடையாது. அதற்கென்றே மடக்குக் கம்புகளைத் தனியாக வாங்கிக் கட்டிக்கொண்டால், மிச்சப்படுத்திய எடையில் ஒரு பங்கு அங்கேயே போய்விடுகிறது. அதைவிடப் பெரிய காரணம் நாம் படுக்கும் தரை.

மேல்நாட்டுக் கூடார விமர்சனங்கள் பெரும்பாலும் புல்தரையையும் காட்டு மண்ணையும் மனத்தில் வைத்து எழுதப்படுபவை. நம் பக்கத்தில் தனியாகப் பயணம் செய்கிறவருக்கு இரவில் இடம் கிடைப்பது தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டுப் படுக்கும் பள்ளித் தாழ்வாரத்தில், பெட்ரோல் பங்கின் ஓரத்துச் சிமென்ட் தரையில், ஊர்க்கோயில் மண்டபத்தில், தெரிந்தவர் வீட்டு மொட்டைமாடியில், இல்லையென்றால் கடலோரச் சவுக்குத் தோப்பில். இவற்றில் பெரும்பாலானவை முளையே இறங்காத இடங்கள். மண் இருக்கும் இடத்திலும் நிலைமை அவ்வளவு நல்லதில்லை. ஆரோவில் பக்கத்துச் செம்மண் மேட்டில் சித்திரை மாதத்தில் அலுமினிய முளையைக் கல்லால் அடித்தால் வளைவது முளைதான். தேவனாம்பட்டினம் மணலிலோ அது வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் இறங்கி, அதே சுலபத்தில் கையோடு வந்துவிடும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பள்ளித் தாழ்வாரத்திலும் மண்டபத்திலும் கூரை ஏற்கெனவே இருக்கிறது. அங்கே நமக்கு வேண்டியது கொசு, எறும்பு, பூரான், தேள் ஆகியவற்றிலிருந்து காப்பு மட்டுமே. மழைவிரிப்பைப் பையிலேயே வைத்துவிட்டு, கொசுவலையாலான உள்கூடாரத்தை மட்டும் இரண்டு நிமிடத்தில் நிறுத்தி, ஜிப்பை இழுத்து மூடிப் படுத்துவிட முடிகிறதே, அதுதான் தானே நிற்கும் கூடாரம் இந்த மண்ணில் தரும் முதன்மையான பயன். நம் ஊரில் இது ஆண்டில் பாதி நாள் நான்கு பக்கமும் அடைத்த கொசுவலையாகவும் மீதி நாள் கூடாரமாகவும் பயன்படும் பொருள். இந்த ஒன்றுக்காகவே கூடுதல் 400, 500 கிராமைத் தயங்காமல் சுமக்கலாம் என்பது என் உறுதியான எண்ணம். ஆகவே நீங்கள் எதை வாங்கினாலும், அதன் உள்கூடாரம் மழைவிரிப்பு இல்லாமல், ஒரு முளைகூட இல்லாமல், முழு வடிவத்தில் நிற்கிறதா என்பதையே முதல் சோதனையாக வையுங்கள்.

அட்டையில் தானே நிற்கும் என்று அச்சடித்திருப்பதை மட்டும் நம்பிவிடக் கூடாது. இரண்டு கம்புகள் நடுவில் குறுக்காகச் சென்று நான்கு மூலைகளிலும் ஊன்றும் அமைப்பும், ஒரு நடுத்தண்டின் இரு முனைகளிலும் கம்புகள் இரண்டிரண்டாகப் பிரிந்து நான்கு மூலைகளுக்கும் போகும் அமைப்பும் உண்மையில் தானே நிற்பவை. தலைப்பக்கம் இரண்டு கால், கால்பக்கம் நடுவில் ஒரே கால் என்று மூன்று காலில் நிற்கும் அமைப்பு பாதிதான் நிற்கும். கால்பக்கத்து இரண்டு மூலைகளையும் முளையடித்து இழுத்தால்தான் தரை விரியும். பிக் ஆக்னஸின் ஃபிளை கிரீக், நீமோவின் ஹார்னெட், நம் நாட்டில் பலரும் வாங்கும் நேச்சர்ஹைக் கிளவுட்-அப் ஆகியவை இந்தப் பாதி நிற்கும் வகையைச் சேர்ந்தவை. நல்ல கூடாரங்கள்தான், ஆனால் சிமென்ட் தரையில் படுத்தால் கால்பக்கம் துணி சுருங்கிப் பாதத்தின்மேல் விழும். கால்மாட்டில் இரண்டு மூலையிலும் தண்ணீர் பாட்டிலை வைத்துச் சமாளிப்பவர்கள் உண்டு என்றாலும், கூடுதலாக 150 கிராம் சுமந்து நான்கு காலில் நிற்பதையே வாங்கிவிடுவது மேல்.

நான்கு காலில் நிற்பதிலும்கூட மழைவிரிப்பின் வாசல்பகுதி, அதாவது செருப்பும் அடுப்பும் வைக்கும் சின்னத் தாழ்வாரம், ஏறக்குறைய எல்லாக் கூடாரங்களிலும் ஒரு முளையாவது கேட்கும். கடையில் பார்க்கும்போது மழைவிரிப்பையும் போடச் சொல்லி, முளையில்லாத நிலையில் பக்கவாட்டுத் துணி உள்கூடாரத்தின் வலைமேல் சாய்ந்து ஒட்டுகிறதா என்று பாருங்கள். ஒட்டினால் அந்த இடத்தில் ஈரம் உள்ளே வரும். ஒரு விரற்கடையாவது இடைவெளி இருந்தால் சிமென்ட் தரையிலும் ஓரளவு மழையைத் தாங்கும்.

முளை தேவையில்லை என்பதற்கு, காற்றிலும் கட்டாமல் விடலாம் என்று பொருளில்லை. ஒன்றரைக் கிலோ துணி கடற்காற்றில் பறந்துபோக ஒரு நொடி போதும். உள்ளே முதலில் பையை வைத்துவிட்டுத்தான் நிறுத்த வேண்டும். மணலில் கட்டுவதற்கு முளையைவிட நல்ல வழி ஒன்று நம் கடற்கரையிலேயே கிடைக்கிறது. கீழே விழுந்து கிடக்கும் சவுக்குக் குச்சியில் முழங்கை நீளத்துக்கு ஒன்றை எடுத்து, அதன் நடுவில் இழுகயிற்றைச் சுருக்கிட்டு, முழங்கையளவு ஆழத்துக்குப் பள்ளம் தோண்டி, கயிறு இழுபடும் திசைக்குக் குறுக்காகக் குச்சியைப் படுக்கவைத்து, ஈரமணலைத் தள்ளி மிதித்துவிட்டால், கூடாரம் கிழிந்தாலும் கிழியுமே தவிர அந்தக் குச்சி வராது. சவுக்கு இல்லாத இடத்தில் தேங்காய் மட்டையைப் புதைக்கலாம். சிமென்ட் தரையில் சைக்கிளையே படுக்கவைத்து அதில் ஒரு பக்கத்துக் கயிற்றைக் கட்டலாம். இரவில் யாராவது சைக்கிளை நகர்த்தினால் நமக்குத் தெரிந்துவிடும் என்பது அதில் கிடைக்கும் கூடுதல் நன்மை.

அடுத்தது வெப்பம். கோடையில் நம் கடலோரத்தில் இரவிலும் வெப்பநிலை 27, 28 டிகிரிக்குக் கீழே இறங்காத நாட்கள் உண்டு, அதோடு புழுக்கமும் சேர்ந்துகொள்ளும். சுவர் முழுவதும் துணியாக இருக்கும் உள்கூடாரத்தில் அந்த நாட்களில் தூங்க முடியாது. தரையிலிருந்து ஒரு சாண் உயரம்வரை நீர்புகாத் துணியும் அதற்குமேல் உச்சிவரை கொசுவலையும் இருப்பதையே நம் ஊருக்கு நான் பரிந்துரைப்பேன். பகலில் கடலிலிருந்து வீசும் காற்று இரவு முதிர்ந்ததும் நிலத்திலிருந்து கடலுக்குத் திரும்பும். ஆதலால் கடலோரத்தில் வாசலையும் வலைப்பக்கத்தையும் மேற்கு நோக்கி வைத்தால் விடியற்காலையில் காற்று வரும். ஒற்றைச் சுவர்க் கூடாரங்கள் எடையில் கவர்ச்சியாக இருந்தாலும், மூச்சின் ஈரம் சுவரிலேயே படிந்து சொட்டும் என்பதால், ஈரப்பதம் மிகுந்த இந்தக் கரைக்கு அவை ஒத்துவருவதில்லை. தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். அந்த மாதங்களில் திறந்த வெளியில் படுத்தால் மழையே இல்லாவிட்டாலும் மழைவிரிப்பைப் போட்டுவிட்டுத்தான் தூங்க வேண்டும், இல்லையென்றால் காலையில் போர்வையைப் பிழியலாம்.

மழை என்று வரும்போது துணியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கூடாரத் துணியின் நூல் பருமனை டெனியர் கணக்கில் சொல்வார்கள். 9,000 மீட்டர் நீள நூல் எத்தனை கிராம் இருக்கிறதோ அத்தனை டெனியர். எடை குறைந்த கூடாரங்களில் 10 முதல் 20 டெனியர்வரை பயன்படுத்துகிறார்கள். 10 டெனியரில் தரை இருந்தால் நம் ஊர்ச் சீமைக்கருவேல முள்ளுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. தரைக்கு 20 டெனியருக்குக் குறைவாக வாங்க வேண்டாம். நீர்புகாத் திறனை மில்லிமீட்டர் கணக்கில் குறிப்பார்கள்: துணியின்மேல் எத்தனை மில்லிமீட்டர் உயரத்துக்கு நீர் நின்றால் துளி கசியத் தொடங்கும் என்பது அதன் பொருள். மேல்விரிப்புக்கு 1,200 மி.மீ. இருந்தாலே மழைக்குப் போதும். தரையில் முழங்காலும் முழங்கையும் அழுத்துவதால் 3,000 மி.மீ. இருந்தால் நிம்மதி.

நைலானா, பாலியெஸ்டரா என்பதில் என் சார்பு பாலியெஸ்டர் பக்கம். நைலான் அதே எடைக்கு உறுதி கூடியது, ஆனால் ஈரத்தை உறிஞ்சித் தொய்ந்துவிடும். மாலையில் விறைப்பாகக் கட்டிய விரிப்பு நடு இரவில் மழையில் தொங்கி உள்வலையைத் தொடும், எழுந்து மறுபடி இழுத்துக் கட்ட வேண்டும். கட்ட இடமில்லாத சிமென்ட் தரையில் இந்தத் தொய்வு இன்னும் தொல்லை தரும். பாலியெஸ்டர் அவ்வளவாகத் தொய்வதில்லை, வெயிலையும் கூடுதலாகத் தாங்கும். துணியின் பூச்சையும் பாருங்கள். பாலியூரித்தேன் பூச்சு, ஈரத்தோடு மடித்துச் சூட்டில் வைத்தால் நாளடைவில் சிதைந்து பிசுபிசுத்து நாற்றமடிக்கும். கடலூர் வெக்கையில் பரணில் வைத்த கூடாரத்துக்கு இது வெகு சீக்கிரம் வரும். சிலிக்கான் பூச்சுக்கு அந்தத் தொல்லை இல்லை, ஆனால் அதில் தையல் துளைகளை மூடும் வழக்கமான நாடா ஒட்டாது என்பதால், சில கூடாரங்களில் தையல்மேல் சிலிக்கான் பசையை நாமே தடவிக்கொள்ள வேண்டியிருக்கும். வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஐப்பசி முதல் மார்கழிவரை வடகிழக்குப் பருவமழையில் எந்தக் கூடாரத்துக்கும் ஓர் எல்லை உண்டு. 2011 டிசம்பர் 30 அன்று ‘தானே’ புயல் நம் இரண்டு ஊர்களுக்கும் நடுவில் கரையேறியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. கடலில் காற்றழுத்தத் தாழ்வு இருப்பதாக வானிலை மையம் சொன்னால் பயணத்தைத் தள்ளிவையுங்கள். சாதாரண அடைமழையில் கவலை வேறு: தானே நிற்கும் கூடாரங்களில் பெரும்பாலானவற்றில் உள்கூடாரத்தை முதலில் நிறுத்திப் பிறகுதான் மழைவிரிப்பைப் போட முடியும், அந்த இடைவேளையில் வலை வழியாகத் தரை நனைந்துவிடும். அதற்குத்தான் கூரையுள்ள இடத்தில் கூடாரத்தை நிறுத்தி, அப்படியே தூக்கிக்கொண்டுபோய் வெளியே வைக்கும் வசதி உதவுகிறது. முளையடித்து நிற்கும் கூடாரத்தில் இது நடக்காது.

அளவைப் பொறுத்தவரை, உங்கள் உயரத்தோடு 35 செ.மீ. கூட்டிக்கொண்டு அந்த நீளமாவது உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். விற்பனைக் குறிப்பில் 215 செ.மீ. என்று இருந்தாலும் சுவர் சாய்ந்து வருவதால், மெத்தையின் உயரத்துக்கு ஏறிய பிறகு தலையும் காலும் துணியைத் தொடும். வீட்டுத் தரையில் சாக்பீஸால் அந்த அளவைக் கோடு போட்டு, பாயை விரித்துப் பையோடு படுத்துப் பார்த்தால் விளங்கிவிடும். உட்காரும்போது தலை இடிக்காமல் இருக்க உச்சி உயரம் 100 செ.மீ. வேண்டும். தலைப்பக்கம் தவழ்ந்து நுழையும் வாசலைவிடப் பக்கவாட்டு வாசல் நல்லது. காற்றும் வரும், மழையில் வெளியே போய்வருவதும் எளிது. இருநபர் கூடாரம் 200 முதல் 400 கிராம் கூடுதலாக இருக்கும். புழுக்கத்துக்கு அது இதமானது என்றாலும், நடைப்பயணமும் உண்டு என்பதால் உங்களுக்கு ஒருநபருடையதே போதும்.

சைக்கிளில் கட்டுவதற்கு எடையைவிடக் கம்பின் மடிந்த நீளம்தான் சிக்கல். வழக்கமான கம்புத் துண்டுகள் 40 முதல் 50 செ.மீ. நீளம் இருக்கும். கீழ்நோக்கி வளைந்த ஹேண்டில்பாரின் உள்ளகலம் சுமார் 40 செ.மீ.தான், அதிலும் பிரேக் கைப்பிடிகளுக்கு இடம் விட வேண்டும். இதற்காகவே 30 செ.மீ. துண்டுகளாக வரும் சைக்கிள் பயணப் பதிப்புகளை பிக் ஆக்னஸ், நீமோ, எம்.எஸ்.ஆர். ஆகிய மூன்று நிறுவனங்களும் செய்கின்றன, விலை கூடுதல். பின்னால் சாதாரணக் கேரியர் வைத்திருந்தால் அந்தப் பதிப்புக்காகப் பணம் செலவழிக்கத் தேவையே இல்லை. கம்புகளைத் தனி உறையில் ஃப்ரேமின் மேல்குழாய் ஓரமாகக் கட்டிவிட்டு, துணியை மட்டும் நீர்புகாப் பையில் அமுக்கி முன்னால் கட்டலாம். நனைந்த மழைவிரிப்பை உள்கூடாரத்தோடு சேர்த்துச் சுருட்டாதீர்கள். விற்பனைக் குறிப்பில் இரண்டு எடைகள் இருக்கும்: முளை, கயிறு, உறைகள் சேர்க்காத குறைந்தபட்ச எடை ஒன்று, எல்லாம் சேர்ந்த எடை ஒன்று. நீங்கள் சுமக்கப்போவது இரண்டாவதைத்தான்.

அடிவிரிப்புக்கு நிறுவனத்தாரின் துணியை வாங்கினால் 150 கிராம் அளவில் எடையும் நல்ல விலையும் ஆகும். பண்ருட்டிப் பக்கம் தோட்டப்பயிர் செய்யும் யாரிடமாவது, பயிருக்கு நடுவே மண்ணை மூடும் பிளாஸ்டிக் தாளான மல்ச்சிங் ஷீட்டில் இரண்டரை மீட்டர் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். 30 மைக்ரான் தாளில் ஒருநபர் கூடாரத்தின் அளவுக்கு வெட்டினால் 60 கிராம்கூட வராது. ஈரத்தைத் தடுக்கும், முள்ளைத் தடுக்காது. ஆகவே கூடாரம் போடும் இடத்தைக் கையால் தடவிப் பார்த்து முள் பொறுக்கிவிட்டு விரிப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

கடலோரத்தில் கூடாரத்தின் ஆயுளைத் தீர்மானிப்பது உப்பு. கம்புத் துண்டுகள் ஒன்றுக்குள் ஒன்று செருகும் வாயில் மணலும் உப்பீரமும் தங்கினால், அலுமினியத்தில் வெள்ளைப் பொடி பூத்து மூட்டு இறுகும். பலமாக இழுத்தால் வாய் கீறல் விடும். கடற்கரையில் தங்கி வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, மூட்டுகளைப் பிரித்துவைத்து நிழலில் உலர்த்துங்கள். மடிக்கும்போது நடுவிலிருந்து தொடங்கினால் உள்ளே ஓடும் மீள்கயிறு இருபுறமும் சமமாக இழுபட்டு நெடுநாள் வரும். ஜிப்பில் சிக்கிய மணலைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தட்டிவிட வேண்டும். கூடாரங்களில் முதலில் கைவிடுவது ஜிப்பின் ஓட்டிதான். உடைந்த கம்புக்கு மேல் மாட்டும் சின்ன அலுமினியக் குழாயும் இரண்டு கேபிள் டையும் எப்போதும் பையில் இருக்கட்டும்.

ஸ்பிதிக்காகத் தனிக் கூடாரம் வேண்டாம். அங்குள்ள முக்கிய ஊரான காஜா 3,600 மீட்டருக்கு மேலே இருக்கும் வறண்ட இடம். பிற்பகலில் காற்றும் புழுதியும், இரவில் குளிரும் இருக்கும். முழுவலைக் கூடாரத்தில் புழுதி உள்ளே வரும் என்பது உண்மை, ஆனால் குளிரைத் தடுப்பது தூக்கப்பையும் மெத்தையுமே தவிரக் கூடாரம் அன்று; அந்தப் பணத்தை நல்ல தூக்கப்பைக்குச் செலவிடுங்கள். கல்லாங்குத்தான அந்த நிலத்தில் முளை இறங்காத இடங்களில் கற்களில் கயிறு கட்டிக்கொள்ளலாம் என்பதால், தானே நிற்பது அங்கும் கைகொடுக்கும்.

பெயர் சொல்லிக் கேட்பதானால், பிக் ஆக்னஸ் காப்பர் ஸ்பர் ஒருநபர் வகை எல்லாம் சேர்ந்து 1.2 கிலோவை ஒட்டி வரும். நான்கு காலில் நிற்பது, பக்கவாட்டு வாசல் கொண்டது. நீமோ டிராகன்ஃபிளையும் எம்.எஸ்.ஆர். ஹப்பா வரிசையும் அதே தரத்தவை. இவை எல்லாம் 400 டாலரை ஒட்டியோ தாண்டியோ இருக்கும், சுங்கவரி தனி. அவ்வளவு செலவழிக்க மனமில்லையென்றால், சென்னை டெகாத்லானில் கிடைக்கும் கெச்சுவா எம்.எச்.100 இருநபர் கூடாரம் 2 கிலோவுக்கு மேல் இருந்தாலும் பாலியெஸ்டர் துணியும் நான்கு காலும் கொண்டது. சைக்கிள் கேரியரில் அந்த எடை பெரிதாகத் தெரியாது, முதுகில் தெரியும். நேச்சர்ஹைக்கில் மோங்கார் உண்மையாகவே தானே நிற்பது, ஆனால் இருநபர் கூடாரம், 2 கிலோ அளவில் வரும். உங்கள் பயணங்களில் சைக்கிள்தான் மிகுதி என்பதால், முதலில் மலிவான கூடாரத்தில் கழித்து, பிறகு எடை குறைந்ததற்கு மாறுவதே எனக்குச் சரியாகப் படுகிறது. நிறம் வெளிர்பச்சையோ சாம்பலோ இருக்கட்டும். தனியாகப் படுக்கிறவரின் கூடாரம் சாலையிலிருந்து கண்ணில் படக் கூடாது.

இடம் பற்றியும் ஒரு சொல். செஞ்சிக் கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது, 2025 முதல் உலகப் பாரம்பரியச் சின்னமும்கூட. உள்ளே தங்க முடியாது. கல்வராயனில் காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதியின்றி நுழையக் கூடாது. 2018 குரங்கணித் தீ விபத்துக்குப் பிறகு தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கென்றே விதிகள் வந்துவிட்டன. ஊருக்குள் பட்டா நிலத்துக்காரரிடம் கேட்டுவிட்டுத் தங்குவதே வழி. கேட்டால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள்.

வாங்கி வந்ததும், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள், மொட்டைமாடியில் சோதித்துவிடுங்கள். முதலில் விளக்கில்லாமல் நிறுத்திப் பாருங்கள். பிறகு மழைவிரிப்பைப் போட்டு, உள்ளே செய்தித்தாளைப் பரப்பி, தோட்டக் குழாயால் கால்மணி நேரம் எல்லாத் தையல்மேலும் நீர் பாய்ச்சுங்கள். தாளில் எங்கே நனைந்திருக்கிறதோ அங்கே கசிகிறது. கடைசியாக உள்கூடாரத்தை மட்டும் நிறுத்தி ஓர் இரவு, முளையும் மழைவிரிப்பும் இல்லாமல், அங்கேயே படுத்துப் பார்த்து, கால்பக்கத்து மூலைகள் விடியும்வரை விரிந்தே நின்றால் பில்லைப் பத்திரமாக எடுத்துவைத்துக்கொள்ளலாம். சுருங்கினால் அன்றே கடைக்குக் கொண்டுபோங்கள்.